பூந்தோட்டமும் நீரின் அளவும்: அந்தலுஸிலிருந்து காவிரிப் படுகைக்கு

இஸ்லாமியப் பூந்தோட்டம் என்றவுடன் அல்ஹம்ரா அரண்மனையின் தடாகமும் தாஜ்மகால் முற்றத்து நீரோடையும் நம் மனக்கண்ணில் எழுகின்றன. நீர்வளம் கொழித்த மக்களின் ஆடம்பரம் அது என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். அல்ஹம்ரா அமைந்துள்ள கிரனடா நகரின் ஆண்டு மழையளவு தஞ்சாவூர் மழையளவில் பாதியைக்கூட எட்டுவதில்லை என்பதை அறிந்தால் இக்கருத்து நிலைக்காது. நீர் அரிதாகக் கிடைத்த நிலத்தில், கிடைத்ததை அளந்து செலவிடக் கற்றவர்கள் அமைத்த தோட்டங்கள் அவை. தடாகம் அங்கே அழகுக்குரியது மட்டுமன்று. மலையிலிருந்து வாய்க்கால் வழியே வந்த நீரைச் சேமித்துவைத்து, முறைவைத்துப் பாத்திகளுக்கு விடுவதற்கான தொட்டியும் அதுவே.

காவிரிப் படுகையில் பிறந்த நமக்கு இக்கலையால் என்ன பயன் என்று சென்ற தலைமுறையினர் கேட்டிருக்கலாம். இன்று அவ்வாறு கேட்பதற்கில்லை. மேட்டூர் அணையை ஜூன் 12 ஆம் நாளில் திறப்பது மரபு. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்நாளில் திறக்க இயலவில்லை; 2020 இல்தான் அம்மரபு மீண்டது. 2016 இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. வாய்க்காலில் நீர் வராத ஆண்டில் கிணற்று மட்டமும் இறங்குகிறது. கடலோர ஊர்களில் ஆழ்துளைக் கிணறுகள் உவர்ப்பேறுகின்றன. நெல்லுக்கே நீரில்லாதபோது பூவுக்கு யார் நீர் ஊற்றுவார்? இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆயினும் இதே ஆண்டுகளில்தான் இராஜகிரி, பண்டாரவாடை, கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் அயலகத்து உழைப்பால் எழுந்த புதிய மாளிகைகளின் முன் புல்தரை விரிந்தது. நாள்தோறும் இருவேளை நீர் கேட்கும் அப்புல், முன்பு அங்கே நின்ற மருதாணிப் புதரையும் அரளி வேலியையும் அகற்றிவிட்டு வந்தது என்பதுதான் வருத்தத்துக்குரியது.

அண்மைக்காலத்தில் வேறொரு விருப்பமும் பரவியுள்ளது. வறட்சியைத் தாங்குபவை என்று கேள்விப்பட்டு, மத்தியதரைக் கடல் நாட்டுச் செடிகளை வரவழைத்து வளர்க்கும் விருப்பம் அது. லாவெண்டர் விதைப் பொட்டலமோ ரோஸ்மேரி நாற்றோ இல்லாத பயணப்பெட்டி இப்போது குறைவு. நோக்கம் நல்லதே. ஆனால் அச்செடிகளில் பெரும்பான்மை நம் படுகையில் ஓராண்டு நிலைப்பதில்லை. கோடையைக் கடந்துவிடுகின்றன, ஐப்பசி மழையில் மடிகின்றன. வறட்சி தாங்கும் செடி மழையில் ஏன் மடிய வேண்டும்? இதற்கு விடை கண்டால், அந்நாட்டுத் தோட்டக்கலையிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பது தெளிவாகும்.

இருவகைக் கோடை

மத்தியதரை வானிலை என்று புவியியலார் வகுத்துள்ளது உலகில் ஐந்து நிலப்பகுதிகளில் காணப்படுகிறது: மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள், கலிபோர்னியா, நடுச் சிலி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தென்மேற்கும் தெற்கும். இவற்றின் பொதுத்தன்மை, குளிர்காலத்தில் மழையும் கோடையில் நீண்ட வறட்சியும் அமைவதாகும். இலையுதிர்காலத்தின் முதல் மழைக்கு அங்குள்ள செடிகள் விழிக்கின்றன, குளிர்காலம் முழுதும் வேர்விடுகின்றன, வசந்தத்தில் பூக்கின்றன, கோடையில் உறங்குகின்றன. இலையை உதிர்த்தும் சுருட்டியும் மயிர்ப்போர்வையால் மூடியும் நீரிழப்பைத் தடுத்துக்கொள்கின்றன. கோடையில் காய்ந்து நிற்கும் செடியை இறந்துவிட்டதென்று அந்நாட்டார் பிடுங்கி எறிவதில்லை.

இச்செடிகளின் இயல்பை ஒட்டித் தோட்டம் அமைப்பதைக் கலையாக வளர்த்தவர்களுள் ஜாக்குலின் டிர்விட் அம்மையார் குறிப்பிடத்தக்கவர். நகரமைப்பு வல்லுநரான இவர், 1954 இல் புதுதில்லியில் ஐக்கிய நாடுகள் அவை நடத்திய வீட்டுவசதிக் கருத்தரங்கை நெறிப்படுத்தியவர். பின்னர் கிரேக்கத்தில் ஏதென்ஸுக்கு அருகே ஸ்பரோசா என்னும் கற்பாறைக் குன்றில் தோட்டம் அமைத்து வாழ்ந்து 1983 இல் மறைந்தார். 1994 இல் கிரேக்கத்தில் தோன்றிய மத்தியதரைத் தோட்டச் சங்கத்துக்கு அத்தோட்டமே இருப்பிடமாயிற்று. பிரான்சின் தென்கரையில் மேஸ் என்னும் ஊரில் நாற்றங்கால் நடத்திவரும் ஒலிவியே ஃபிலிப்பி என்பார் இத்துறையில் விரிவாக எழுதியவர். அவர் கூறும் முறை எளியது. செடியைச் சிறிதாக இருக்கும்போதே நட வேண்டும். மழைக்காலத் தொடக்கத்தில் நட வேண்டும். சுற்றிலும் அகன்ற வட்டப்பாத்தி கட்டி, முதல் கோடையில் மட்டும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நிறைய நீர் ஊற்ற வேண்டும். நாள்தோறும் சிறிது சிறிதாக ஊற்றினால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். அடுத்த கோடையில் அதற்குப் பிழைக்கும் வழியிராது. அவர் வலியுறுத்தும் மற்றொன்று நம் கேள்விக்கு நேரான விடையாகும். மண் வெப்பமாகவும் ஈரமாகவும் ஒரே வேளையில் இருப்பதைப் பல மத்தியதரைச் செடிகளால் தாங்க முடியாது. அந்நாட்டில் மண் ஈரமாக இருக்கும் காலம் குளிர்காலம்; வெப்பமாக இருக்கும் காலம் வறண்ட காலம். இரண்டும் சேர்ந்தால் வேரைத் தாக்கும் பூஞ்சணம் பெருகுகிறது.

இனி நம் நிலத்தைப் பார்ப்போம். நமக்கும் நீண்ட வறண்ட காலம் உண்டு. தை பிறந்ததிலிருந்து சித்திரைக் கத்திரி வரை படுகையில் மழை பெயருக்குத்தான் பெய்கிறது. இந்த அளவில் தஞ்சையும் கிரனடாவும் ஒன்றுபோலத் தோன்றும். மழைக்காலத்தில்தான் வேறுபாடு தெரிகிறது. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டுகிறது. புயல் கரையேறும் நாளில் அங்கே பல மாதங்களில் பெய்யும் மழை இங்கே ஒரே நாளில் பெய்துவிடும். குளிர் என்று சொல்லத்தக்க குளிர் இல்லை. இரவிலும் மண் வெதுவெதுப்பாகவே கிடக்கிறது. அதன் மேல் பழைய படுகையின் களிமண். கும்பகோணத்தையும் மயிலாடுதுறையையும் சுற்றியுள்ள வண்டல் களியில் தேங்கிய நீர் வடிய நாளாகும். நெல்லுக்கு அதுவே வரம். லாவெண்டருக்கு அதுவே எமன். கோடையில் அதே களி விரல் நுழையுமளவு வெடித்து வேரை அறுக்கிறது. ஆகவே நம் படுகைத் தோட்டத்துக்குச் செடி தேடுகிறவர், வறட்சி தாங்குமா என்ற ஒரு கேள்வியோடு நிற்பது போதாது. மூன்று மாத ஈரத்தையும் நான்கு மாத வறட்சியையும் ஒருசேரத் தாங்குமா என்று கேட்க வேண்டும்.

வளைகுடா நகரங்களின் சாலையோரப் பூக்களைக் கண்டு வியந்தவர்கள் நம்மில் பலர். பாலைவனத்திலேயே பூக்கும்போது நம் ஊரில் பூக்காதா என்று கேட்பார்கள். அங்கே பெட்டூனியாவும் காகிதப்பூவும் பூப்பது, சுத்திகரித்த கழிவுநீரைச் சொட்டுக் குழாய்களின் வழியே நாள் தவறாமல் ஊட்டுவதால். அதை வறட்சித் தோட்டத்துக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ள இயலாது.

அந்தலுஸின் வேளாண் நூலோர்

ஸ்பெயினின் முஸ்லிம் ஆட்சிக்காலத்தில் வேளாண்மை ஓர் எழுத்துத்துறையாகவே வளர்ந்தது. ஷாமிலிருந்து தப்பிவந்து குர்துபாவில் ஆட்சி நிறுவிய முதலாம் அப்துர் ரஹ்மான், தம் பாட்டனாரின் அரண்மனையை நினைவுகூர்ந்து நகரின் புறத்தே ருஸாஃபா என்ற பெயரில் தோட்டம் அமைத்தார். ஷாமிலிருந்து கொண்டுவரப்பட்டு அந்நாட்டில் பரவிய மாதுளை வகைக்கு ஸஃபரீ என்ற பெயர் நிலைத்தது. பதினோராம் நூற்றாண்டில் துலைதுலாவின் மன்னர் அல்மஃமூனுடைய தோட்டத்தில் பணியாற்றிய இப்னு பஸ்ஸால், ஹஜ்ஜுப் பயணத்தின்போது சிசிலியையும் எகிப்தையும் கண்டு வந்தவர். 1085 இல் (ஹிஜ்ரி 478) துலைதுலா கைவிட்டுப் போனபின் இஷ்பீலியா சென்று அங்குத் தம் பணியைத் தொடர்ந்தார். அவர் தம் நூலை நீரிலிருந்து தொடங்குகிறார். மழைநீர், ஆற்றுநீர், ஊற்றுநீர், கிணற்றுநீர் என நான்காகப் பகுத்து ஒவ்வொன்றும் எச்செடிக்கு ஏற்றதென்று ஆராய்கிறார். அடுத்து மண்ணைப் பத்து வகையாகப் பிரிக்கிறார். செடிகள் அதன் பின்னரே வருகின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் இஷ்பீலியாவில் வாழ்ந்த இப்னுல் அவ்வாமின் கிதாபுல் ஃபிலாஹா, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட செடிகளைப் பற்றிப் பேசும் பெருநூல். 1802 இல் அது ஸ்பானிய மொழிபெயர்ப்புடன் வெளியானது.

இவ்வறிஞர்களின் தடம் நூல்களில் இருப்பதைவிட ஸ்பானிய மொழியில் மிகுதியாக உயிர்வாழ்கிறது. வாய்க்காலுக்கு அங்கே அஸேகியா என்று பெயர். அரபியின் அஸ்ஸாகியா அது. தடாகம் அல்பெர்கா, அதாவது அல்பிர்கா. நீர்ச்சக்கரம் நோரியா, அதாவது நாஊரா. அரளி அதெல்ஃபா, அரபியில் அத்திஃப்லா. அல்ஹம்ராவின் புகழ்பெற்ற முற்றத்தில் வளரும் மிர்ட்டில் புதருக்கு அர்ரயான் என்று பெயர். நம் குர்ஆனில் வரும் ரைஹான் என்ற சொல்தான் அது. கிழக்கே திருநீற்றுப்பச்சையைக் குறிக்கும் அச்சொல் மேற்கே மிர்ட்டிலைக் குறிக்கலாயிற்று. நோன்பு திறக்கும் வேளையில் சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதைக்கும் அல்ஹம்ரா முற்றத்து வேலிக்கும் ஒரே பெயர் அமைந்தது இப்படித்தான்.

தோட்ட அமைப்பில் ஒரு நுட்பம் நம் கவனத்துக்குரியது. 1958 இல் கிரனடாவின் ஜெனராலிஃப் தோட்ட மாளிகையில் தீவிபத்து ஏற்பட்டது. அதைத் தொடர்ந்து வாய்க்கால் முற்றத்தில் அகழ்ந்தபோது பழைய முஸ்லிம் காலத்துப் பாத்திகள் வெளிப்பட்டன. அவை இன்றைய தரைமட்டத்துக்கு ஏறக்குறைய அரை மீட்டர் கீழே இருந்தன. நடைபாதை உயரத்திலும் பாத்தி பள்ளத்திலும் அமைந்தால் பாய்ச்சிய நீர் வெளியே ஓடாது. வேர்ப்பகுதியில் நிழலும் குளிர்ச்சியும் தங்கும். நடப்பவரின் கண்ணுக்குப் பூக்கள் கால்மட்டத்தில் கம்பளம்போல் விரியும். நீர்ச்சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு அழகாகவும் முடிந்தது.

இதை அப்படியே எடுத்துக் கும்பகோணத்துக் களியில் பள்ளப்பாத்தி வெட்டினால் ஐப்பசியில் அது குட்டையாகிவிடும். இப்னு பஸ்ஸாலைப் படித்தவர் அப்படிச் செய்யமாட்டார். மண்ணை முதலில் பார் என்பதல்லவா அவர் நூலின் வரிசை? படுகை என்று ஒரே பெயரால் அழைத்தாலும் இங்கு மூன்று மண் உண்டு. பழைய படுகையின் களிமண் ஒன்று. தஞ்சைக்கு மேற்கே வல்லம் மேட்டிலும், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துப் புதுப்படுகையிலும் காணும் செம்மண் ஒன்று. நாகூர் தொடங்கி அதிராம்பட்டினம் வரை கடலோரத்தில் கிடக்கும் மணல் மற்றொன்று. களிமண்ணில் ஒன்று அல்லது ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட வேண்டும். ஆற்றுமணல் கிடைப்பது அரிதாகிவிட்டமையால், உடைந்த செங்கல் துண்டும் உமிச்சாம்பலும் மக்கிய எருவும் கலந்துகொள்ளலாம். கடலோர மணலில் நீர் நிற்பதே இல்லை; அங்கே அந்தலுஸியரின் பள்ளப்பாத்தி அப்படியே பொருந்தும். செம்மண்ணில் இரண்டும் வேண்டா. சமதரையில் வட்டப்பாத்தி கட்டினால் போதும்.

நடும் பருவமும் மண்ணைப் பொறுத்ததே. மழைக்காலத் தொடக்கத்தில் நடு என்பது மத்தியதரை விதி. களியில் ஐப்பசி மழையோடு நட்டால் இளவேர் அழுகும். ஆடி, ஆவணியில் நட்டு, பெருமழைக்குமுன் வேரூன்றச் செய்துவிட வேண்டும். மணலில் புரட்டாசி இறுதியில் நட்டால் மழை முழுவதும் செடிக்குப் பயன்படும். மழை ஓய்ந்ததும், மண் ஈரம் காயுமுன், வைக்கோலோ உமியோ தென்னைநார்க் கழிவோ கொண்டு மூன்று விரல் உயரத்துக்கு மூடாக்கு இட வேண்டும். களிமண் வெடிப்பதை இம்மூடாக்கு தடுப்பதை ஒரு கோடையிலேயே காணலாம்.

எச்செடிகள்?

மத்தியதரைச் செடிகளுள் நம் படுகையை முழுமையாகத் தன் ஊராக்கிக்கொண்டது அரளி. பழைய இலக்கியம் அலரி என்றும் கணவீரம் என்றும் வழங்கும் செடி இதுவே. அரபு நாடுகளிலும் மொராக்கோவிலும் ஸ்பெயினிலும் இதன் இயற்கையான இருப்பிடம் வாதி எனப்படும் காட்டாற்றுப் படுகை. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, மழை வந்தால் வெள்ளம் புரளும் இடம் அது. அங்கே நிலைக்க வேண்டுமானால் வெள்ளத்தையும் வறட்சியையும் தாங்கியாக வேண்டும். லாவெண்டர் மலைச்சரிவின் செடி. அரளி ஆற்றுப்படுகையின் செடி. இந்த ஒரு வேறுபாட்டால் முன்னது இங்கே மடிகிறது, பின்னது செழிக்கிறது. அரளியிலையின் அடிப்புறத்தில் சுவாசத் துளைகள் சிறு குழிகளுக்குள் மயிர் சூழ மறைந்திருக்கின்றன. வெயில்காற்று அவற்றை நேரே தீண்டுவதில்லை. தமிழகத் தேசிய நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டுகளில் கவனிப்பாரின்றிப் பூத்துக் குலுங்குவதற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம். செடியின் ஒவ்வோர் உறுப்பும் நஞ்சு என்பதை மறக்கலாகாது. குழந்தைகள் எட்டும் இடத்திலும் மதரஸா முற்றத்திலும் இதை வைக்க வேண்டா. ஆடுமாடு கடிக்காது என்பதால் வெளிவேலிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. மஞ்சள் பூவுடைய தங்கரளி வேறு இனம், அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் விதை இன்னும் கொடியது.

மருதாணியைப் பற்றி நம் வாசகருக்கு அறிமுகம் தேவையில்லை. பெருநாள் இரவில் இலையைப் பறிக்கும் நாம் அதன் பூவைக் கண்டுகொள்வதில்லை. வெளிறிய சிறு பூக்கள் கொத்தாகப் பூத்து மாலையில் மணக்கும். அதற்கென்றே ஃபாகியா என்று தனிச்சொல் வைத்திருக்கிறது அரபுமொழி. இலைக்காக ஓயாமல் வெட்டிக்கொண்டிருந்தால் பூ வராது; புதரின் ஒரு பக்கத்தை வெட்டாமல் விட்டுவைக்க வேண்டும். வறட்சியை நன்கு தாங்கும், களியிலும் வளரும். கொம்பை ஊன்றினாலே வேர்விடும்.

மாதுளையைத் திருக்குர்ஆன் மூன்று இடங்களில் குறிப்பிடுகிறது. பழத்துக்காக வளர்ப்பவர்க்கு முறையான நீர் வேண்டும்; இல்லையேல் காய் வெடிக்கும். பூவுக்காக மட்டும் வளர்ப்பவர் அக்கவலையின்றி இருக்கலாம். செம்மண்ணிலும் மேட்டுப்பாத்தியிலும் நன்கு வரும். தேங்கும் நீரை இது பொறுக்காது.

மடகாஸ்கரிலிருந்து வந்து உலகெங்கும் பரவிய நித்தியகல்யாணி கடற்காற்றையும் உவர்மண்ணையும் பொருட்படுத்தாது. புற்றுநோய் மருந்துகளான வின்கிறிஸ்டீனும் வின்பிளாஸ்டீனும் இதிலிருந்து பெறப்படுபவை. கார்த்திகை ஈரத்தில் பல செடிகள் அழுகினாலும் உதிர்ந்த விதை தையில் முளைத்துவிடும்; நாம் செய்யவேண்டியது ஏதுமில்லை. காகிதப்பூவுக்கு நீர் மிகுந்தால் இலைதான் பெருகும். நீரைக் குறைத்தால்தான் பூக்கிறது. எனவே தையிலிருந்து அதை மறந்துவிடுவதே அதற்குச் செய்யும் பணிவிடை. வல்லம் பக்கத்துச் செம்மண் மேடுகளுக்கு ஆவாரையைவிட ஏற்றது வேறில்லை. மழை ஓய்ந்து பிற செடிகள் களைத்து நிற்கும் கார்த்திகை, மார்கழியில் பூக்கும் டிசம்பர் பூவையும் சேர்த்துக்கொள்ளலாம். மணமில்லையென்று அதை ஒதுக்குவது சரியன்று. பாலைவன ரோஜா என்று விற்கப்படும் அடினியத்தின் பெயர் ஏடன் துறைமுகத்தை நினைவூட்டுவது. யமனிலும் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் பாறையிடுக்கில் வளரும் அதைத் தரையில் நடாமல் தொட்டியில் வைத்து மழைக்காலத்தில் தாழ்வாரத்துக்குள் நகர்த்திவிட வேண்டும். லாவெண்டரை விடமுடியாதவர்களும் அவ்வாறே செய்யலாம். பூ அங்குப் பூப்பதுபோல் பூக்கும் என எதிர்பார்க்க வேண்டா.

மல்லிகையையும் ரோஜாவையும் விட்டுவிட்டதாக எண்ணக்கூடும். அவை வறட்சிச் செடிகள் அல்ல. ஓரிரு செடிகளைக் கிணற்றடியிலோ அடுக்களை நீர் விழும் இடத்திலோ வைத்துக்கொள்வது போதும். ஒரே அளவு நீர் கேட்கும் செடிகளை ஒரே இடத்தில் சேர்த்து நடுவது இக்கலையின் அடிப்படைகளுள் ஒன்று. அரளிக்கு நடுவே மல்லிகையை வைத்தால், மல்லிகைக்காக அரளிக்கும் நீர் ஊற்றிக்கொண்டிருப்போம்.

ஒளுவின் நீர்

நம் பள்ளிவாசல்களில் ஒளுச் செய்த நீர் பெரும்பாலும் சாக்கடையில் கலக்கிறது. இறைத்தூதர் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் ஒளுச் செய்தார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி அளவின்படி ஒரு லிட்டரை ஒட்டி வரும். ஓடும் ஆற்றின் கரையிலிருந்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு அறிவுறுத்திய செய்தி இப்னு மாஜாவில் உள்ளது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பலவீனம் உண்டென்று அறிஞர் பலர் கூறியிருப்பினும், காவிரிக்கரையில் வாழும் நம்மை நோக்கியே சொன்னதுபோல் அச்செய்தி அமைந்திருக்கிறது. குழாயைத் திறந்துவைத்து ஒளுச் செய்கிறவர் ஐந்து லிட்டரை எளிதாகச் செலவிடுகிறார்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வக்துக்கு நாற்பது பேர் தொழும் பள்ளிவாசலில் நாளொன்றுக்கு இருநூறு ஒளு. ஆளுக்கு ஐந்து லிட்டர் எனில் ஆயிரம் லிட்டர். வாரத்துக்கு ஏழாயிரம். கோடையில் வேரூன்றிய புதருக்கு வாரம் பதினைந்து லிட்டர் தாராளம் என்று கொண்டால் நானூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புதர்களை அந்நீரே காப்பாற்றும். ஜும்ஆவை இதில் சேர்க்கவில்லை. ஒருமுறை ஒளுவுக்குப் பயன்பட்ட நீரால் மீண்டும் ஒளுச் செய்ய இயலாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி சட்ட நூல்களின் முடிவு. அது தூய நீர் என்பதில் ஐயமில்லை. செடிக்குப் பாய்ச்சத் தடையேதும் இல்லை. கழிப்பறை நீர் இதனோடு கலவாதபடி வடிகாலைத் தொடக்கத்திலேயே பிரித்துவிட வேண்டும். இதில் செலவு கூடுமென்று தயங்கும் நிர்வாகிகள், புதிதாகக் கட்டும்போதாவது இதைச் செய்துவிடலாம். ஒளு நீர் முதலில் கூழாங்கல் நிரப்பிய சிறு தொட்டியில் விழுந்து பாசியும் கசடும் தங்கியபின் வாய்க்காலில் இறங்க வேண்டும். கடலோர ஊர்களில் அந்நீர் உவர்ப்பாக இருந்தால் அரளி, நித்தியகல்யாணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கோடையில் மண்ணில் படியும் உப்பை வடகிழக்கு மழை ஓரளவு கழுவிவிடும். அதற்கும் வடிகால் திறந்திருக்க வேண்டும்.

பள்ளிவாசலை ஒட்டிய மையவாடியே இந்நீர் சென்றுசேரத்தக்க இடம். இரு கபறுகளைக் கடந்துசென்றபோது இறைத்தூதர் (ஸல்) அவர்கள் பச்சைப் பேரீச்ச மட்டையை இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றிலும் ஊன்றினார்கள் என்ற செய்தி இரு ஸஹீஹ் நூல்களிலும் உண்டு. அது அவர்களுக்கு மட்டும் உரியது என்பாரும், பின்பற்றத்தக்கது என்பாரும் உளர். புரைதா (ரலி) அவர்கள் தம் கபறில் இரு மட்டைகளை வைக்குமாறு வஸிய்யத் செய்ததைப் புகாரி குறிப்பிடுகிறார். நம் ஊர்களில் தலைமாட்டில் பச்சைக் கொம்பு ஊன்றும் வழக்கம் இச்செய்தியை ஒட்டியதே. ஊன்றிய கொம்பு மூன்றாம் நாள் வாடிவிடுவதற்கு, கைக்குக் கிடைத்ததை ஒடித்து ஊன்றுவதே காரணம். மருதாணியாக இருந்தால், ஆடி, ஆவணியில் பென்சில் பருமனுள்ள முற்றிய கொம்பை ஒரு முழம் நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, பாதிக்குமேல் மண்ணுக்குள் போகுமாறு ஊன்றி, சுற்றிலும் மிதித்து இறுக்கி, இருபது நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் துளிர்விடும். மேற்கிளை இலைகளை உருவிவிட வேண்டும். அடுத்த கோடையைக் கடக்க, மாதம் இருமுறை ஒளு நீர் அதற்குப் போதும்.